ரம்பம் மரத்திடம் போக வேண்டுமா, மரம் ரம்பத்திடம் வர வேண்டுமா?

வாசகர் கேள்வி: ஐயா, நான் அலுவலகப் பணியில் இருப்பவன். கைவாள், இழைப்புளி, உளி, ஒரு டிரில்லிங் மெஷின் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் சிறிய மரவேலைகள் செய்து பழகியிருக்கிறேன். இப்போது வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரியும், அதன் பிறகு ஒரு மேசையும் செய்ய விரும்புகிறேன். அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட், மேசைக்குப் பழைய கட்டில் ஒன்றிலிருந்து கழற்றிய கனமான மரச் சட்டங்கள். வேலை செய்யக் கிடைப்பது 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறை மட்டுமே. சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். ஒரே ஒரு மின் ரம்பம் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறேன். நண்பர் ஒருவர் டேபிள் சா இல்லாமல் மரவேலையே இல்லை என்கிறார். தன்னிடமுள்ள பழைய டேபிள் சாவைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். இன்னொருவர், கல் வெட்டும் 4 அங்குலக் கட்டரில் மரத்துக்கான பிளேடைப் பூட்டிக்கொண்டால் போதும் என்கிறார். ஜிக் சா ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி, நீங்கள் பெயர் சொல்லியிருக்கும் எந்த இயந்திரமும் அல்ல. அறையின் அளவும், அறுக்கப்போகும் மரத்தின் அளவும்தான். ரம்பம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் குதிரைத்திறனிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறொன்று: உங்கள் வேலையில் மரம் நிலையாகக் கிடக்க ரம்பம் அதன்மேல் நகரப்போகிறதா, ரம்பம் நிலையாக நிற்க மரத்தை அதனிடம் தள்ளப்போகிறீர்களா? கையில் பிடித்து நகர்த்தும், வட்ட பிளேடு சுற்றும் சர்க்குலர் சாவும், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக் சாவும் முதல் வகை. மேசையின் நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சா, சக்கரங்களின் மேல் நாடா போன்ற பிளேடு ஓடும் பேண்ட் சா இரண்டும் இரண்டாம் வகை. பெரிய பலகையை அசைக்காமல் ரம்பத்தை அசைப்பதும், சிறிய துண்டைக் கையில் எடுத்து ரம்பத்துக்குக் கொடுப்பதும்தான் எளிது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் விளம்பரப் படத்தில் பளபளக்கும் மேசையைப் பார்த்தவுடன் இது மறந்துபோகிறது.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். முழு பிளைவுட் ஷீட் ஒன்றின் நீளம் 2,440 மி.மீ., அகலம் 1,220 மி.மீ. அதை டேபிள் சாவில் நெடுக்குவாட்டில் அறுக்க வேண்டுமானால், அறுவை தொடங்கும் நேரத்தில் ஷீட் முழுவதும் பிளேடுக்கு முன்புறம் இருக்கும்; முடியும் நேரத்தில் முழுவதும் பின்புறம் போயிருக்கும். ஆகவே பிளேடின் இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் அதற்கு மேல். உங்கள் அறையின் நீளமான பக்கமே 3.6 மீட்டர்தான். அதுமட்டுமல்ல, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒருவராக அதைத் தூக்கி மேசையில் வைத்து, வழிகாட்டிச் சட்டத்தோடு ஒட்டியபடி கோணாமல் தள்ளுவது அனுபவமுள்ளவர்களுக்கே சிரமம். உங்கள் நண்பர் சொல்வது அவருடைய இடத்துக்கும் வேலைக்கும் சரியாக இருக்கலாம்; உங்கள் அறைக்கு அது பொருந்தாது.

எனவே என் பரிந்துரை 185 மி.மீ. பிளேடு பூட்டும், 1,200 முதல் 1,400 வாட் வரை திறனுள்ள கையடக்க சர்க்குலர் சா. அந்த அளவு பிளேடு செங்கோணத்தில் 60 முதல் 65 மி.மீ. ஆழமும், 45 பாகை சாய்த்தால் சுமார் 45 மி.மீ. ஆழமும் அறுக்கும். பிளைவுட்டுக்கு இது தாராளம். உங்கள் கட்டில் சட்டங்களைக் குறுக்கே துண்டு போடவும் பெரும்பாலும் இதுவே போதும். சட்டம் இதைவிடத் தடிமனாக இருந்தால் ஒருபுறம் பாதி அறுத்து, திருப்பிப் போட்டு மறுபுறத்திலிருந்து மீதியை அறுக்கலாம். அதற்கு நான்கு பக்கங்களிலும் மூலைமட்டம் வைத்துக் கோடு சுற்றிவர இழுத்திருக்க வேண்டும்.

சர்க்குலர் சாவில் நேராக அறுக்க வராது என்று சொல்பவர்கள் அதை வெறுங்கையால், பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர்கள். அதற்கென்று தண்டவாளம் போன்ற அலுமினியத் தடத்தோடு விற்கப்படும் டிராக் சா என்ற வகை உண்டு. அருமையான இயந்திரம், ஆனால் அந்த வசதியில் பெரும்பகுதியை ஒரு பிற்பகல் வேலையில் நீங்களே செய்துகொள்ளலாம். 6 மி.மீ. பிளைவுட்டில் 300 மி.மீ. அகலமும் ஷீட்டின் முழு நீளமும் கொண்ட ஒரு பட்டையை எடுங்கள். அதன் மேல், தொழிற்சாலையில் வெட்டப்பட்ட நேரான விளிம்புள்ள ஒரு குறுகிய பிளைவுட் சட்டத்தை, ஒரு பக்கமாக ஒதுக்கிப் பசையும் திருகும் போட்டு நிறுத்துங்கள். முழு ஆழத்தில் அறுக்கும்போது மோட்டாரின் அடிப்பகுதி முட்டாதபடி அந்தச் சட்டம் மெல்லியதாக இருக்கட்டும். பசை காய்ந்த பிறகு, ரம்பத்தின் அடித்தட்டு அந்த நேரான விளிம்பை உரசியபடி போகுமாறு வைத்து, அடிப்பட்டையின் உபரி அகலத்தை ஒருமுறை நீளவாக்கில் அறுத்து எறிந்துவிடுங்கள். இப்போது பட்டையில் மிஞ்சியிருக்கும் விளிம்பு, உங்கள் பிளேடு எந்த இடத்தில் அறுக்குமோ அதே இடம். அதன்பின் ஷீட்டில் கோட்டை இழுத்து, அந்த விளிம்பைக் கோட்டின் மேல் பொருத்தி, இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டு ரம்பத்தை ஓட்டினால் போதும். கண்ணால் கோட்டைத் துரத்த வேண்டியதில்லை. பிளேடை மாற்றி வேறு தடிமனுள்ளதைப் போட்டால் இந்த விளிம்பு பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான் இரண்டு பட்டைகள் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் மீதும் அதற்குரிய பிளேடின் பெயரை எழுதி.

பட்டையை வைக்கும்போது, நமக்கு வேண்டிய துண்டு பட்டைக்கு அடியில் இருக்க வேண்டும். பிளேடு தின்னும் மரம் கழிவுப் பக்கம் விழ வேண்டும். பிளேடு தின்னும் அந்த 2 முதல் 3 மி.மீ. அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டுப்பட்டியல் போடுவது புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. 1,220 மி.மீ. அகலத்தில் ஒரு அடி ஆழமுள்ள தட்டுகள் நான்கு கிடைக்கும் என்று காகிதத்தில் சரியாக வரும். ஆனால் மூன்று அறுவைகள் போன பிறகு கடைசித் தட்டு 7 அல்லது 8 மி.மீ. குறைந்து நிற்கும். அலமாரியின் ஆழத்தை 300 மி.மீ. என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கு தட்டுகளுக்கு 1,200 மி.மீ., அறுவைகளுக்கு அதிகபட்சம் 10 மி.மீ. போனாலும், சேதமடைந்த விளிம்பைச் சீவி எடுக்கவும் சிறிது மிச்சம் இருக்கும்.

ஷீட்டை எதன்மேல் வைத்து அறுக்கிறோம் என்பது ரம்பத்தின் தரத்துக்குச் சமமான விஷயம். இரண்டு முக்காலிகளின் மேல் ஷீட்டின் இரு முனைகளையும் வைத்து நடுவில் அறுத்தால், அறுவை முன்னேற முன்னேற ஷீட் நடுவில் தொய்ந்து, அறுத்த இடைவெளி மேற்புறத்தில் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கவ்வப்பட்ட பிளேடு சுற்ற முடியாமல் இயந்திரத்தையே உங்களை நோக்கிப் பின்னால் எறியும். தரையில் நான்கு மரச் சட்டங்களைப் பரப்பி, அறுக்கும் கோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டிரண்டு இருக்குமாறு அதன்மேல் ஷீட்டை வைத்தால், அறுத்து முடித்த பின்பும் இரு துண்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். அல்லது தடித்த தெர்மோகோல் பலகை ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் ஷீட்டைக் கிடத்தி, பிளேடு ஷீட்டுக்குக் கீழே 4 அல்லது 5 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்குமாறு ஆழத்தை வைத்து அறுக்கலாம். சிறிய அறைக்கு இந்த இரண்டாவது வழி மிகவும் ஏற்றது. வேலை முடிந்ததும் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

சர்க்குலர் சாவின் பற்கள் மரத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வந்து அறுக்கின்றன. அதனால் நார் சிதறிச் சிலாம்பு எழும்புவது மேற்புறத்தில்தான். பிளைவுட்டின் நல்ல முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். டேபிள் சாவில் இது நேர்மாறு, நல்ல முகம் மேலே. மேலே சொன்ன வழிகாட்டிப் பட்டையின் விளிம்பு கோட்டோரத்து நாரை அழுத்திப் பிடிப்பதால், பட்டைக்கு அடியிலுள்ள துண்டின் மேற்புறமும் பெருமளவு சுத்தமாக வரும். அது ஒரு கூடுதல் லாபம்.

கடையில் இயந்திரத்தைக் கையில் எடுக்கும்போது வாட் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். கீழ்க்காப்பு மூடியை விரலால் பின்னுக்கு இழுத்து விடுங்கள். அது தயங்காமல் படீரென்று தானாகத் திரும்பி வந்து பிளேடை மூட வேண்டும். அடித்தட்டை ஒரு சமதளத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். மெல்லிய தகரத்தட்டு ஒருமுறை கீழே விழுந்தால் முறுக்கிக்கொள்ளும், அதன்பின் எந்த அறுவையும் செங்குத்தாக வராது. வார்ப்பு அலுமினியமோ மெக்னீசியமோ ஆன அடித்தட்டுக்குக் கொஞ்சம் அதிகம் செலவழிப்பது வீணல்ல. சாய்வை 0 பாகையில் நிறுத்தி மூலைமட்டத்தை பிளேடோடு பொருத்திப் பார்த்து, செங்குத்தாக இல்லையென்றால் சரிசெய்ய திருகு உண்டா என்று பாருங்கள். தூசி வெளியேறும் வாயில் குழாய் பூட்ட இடம் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக அமைந்த 1,200 வாட் இயந்திரத்தை, இவை எதுவும் சரியில்லாத 1,800 வாட் இயந்திரத்தைவிட நான் விரும்புவேன்.

பேட்டரியில் ஓடும் ரம்பம் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கடையில் கேட்பார்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 90 வாட்-மணி ஆற்றல். மின்கம்பியில் ஓடும் 1,400 வாட் ரம்பத்தின் முழுச் சுமையில் இது 4 நிமிடம்கூடத் தாங்காது. அறுவை என்பது எப்போதும் முழுச் சுமை அல்ல என்பதால் நடைமுறையில் இதைவிட நெடுநேரம் ஓடும் என்பது உண்மையே. ஆனாலும், சுவரில் மின்சாரம் இருக்கும் அறைக்குள் வேலை செய்யும் உங்களுக்கு ஒயர் உள்ளதே சிக்கனம். நீட்டிப்பு ஒயர் மட்டும் மெல்லியதாக இருக்கக் கூடாது. நீளமான மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் குறைந்து, மோட்டார் சூடேறித் திணறும். சுருட்டி வைத்த நிலையிலேயே நீட்டிப்பு ஒயரைப் பயன்படுத்துவதும் அது சூடேறக் காரணமாகும்.

இப்போது அந்த 4 அங்குலக் கட்டரைப் பற்றி. இதை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் தொழில் கௌரவம் அல்ல. அந்த இயந்திரம் கல்லையும் டைல்ஸையும் தேய்த்து அறுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. பல் இல்லாத வைரத்துகள் வட்டைச் சுமார் 12,000 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 12,000 சுற்று, வேகத்தில் சுற்றுவது. சர்க்குலர் சா அதில் பாதி வேகம்கூடச் சுற்றுவதில்லை. வேகம் ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு இருப்பது அசையாத மேல்மூடி மட்டும்தான். அறுத்து முடித்து மரத்திலிருந்து எடுத்தவுடன் பிளேடை மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு அதில் இல்லை. கல்வட்டு தோலை உரசிக் காயப்படுத்தும். பல்லுள்ள மரபிளேடோ பட்ட இடத்தைக் கவ்வி இழுக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் அதைத் தொடையோரம் இறக்கும் ஒரு விநாடியில் விபத்து நடந்துவிடுகிறது. அறுக்கும் ஆழமும் 30 மி.மீ. சொச்சம்தான். ஆங்கிள் கிரைண்டரில் பல்லுள்ள மரபிளேடைப் பூட்டுவது இதைவிட மோசம். அதற்கு அடித்தட்டுகூடக் கிடையாது. பல ஆண்டுகள் இப்படியே அறுத்து ஒன்றும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லப்படும். இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். விரல் இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஜிக் சா பயனுள்ள கருவி. ஆனால் எல்லாவற்றையும் அது செய்யாது. இதன் பிறப்பைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு: சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்துப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், தையல் இயந்திரத்தின் ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரம்ப பிளேடைப் பூட்டிப் பார்த்ததிலிருந்து கிடைத்த யோசனை அது, 1947-இல் விற்பனைக்கு வந்தது. அந்தத் தையல் ஊசிப் பிறப்பே அதன் பலமும் பலவீனமும் ஆகும். மெல்லிய பிளேடு மேலே ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு, கீழ்முனை அந்தரத்தில் ஆடுகிறது. ஆகவே வளைவுகளில் அழகாகத் திரும்பும். கனமான மரத்தில் மேலே கோட்டின் மீதே போனாலும், அடியில் பிளேடு விலகி அறுத்த முகம் சாய்ந்துவிடும். பெட்டியில் 80 மி.மீ., 100 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும் ஆழம் அந்த மரத்தை அது கடந்துவிடும் என்பதற்கான உறுதி மட்டுமே. செங்குத்தாகக் கடக்கும் என்பதற்கல்ல. அலமாரித் தட்டுகளின் நீண்ட நேர்விளிம்புகளை ஜிக் சாவில் அறுத்தால் பிறகு இழைப்புளியோடு நெடுநேரம் போராட வேண்டியிருக்கும். மேசைக்கு வளைந்த கால்களோ, அலமாரியின் பின்தட்டில் ஒயர் போகத் துளையோ வேண்டுமென்று தோன்றும் நாளில் இரண்டாவதாக வாங்குங்கள். வாங்கும்போது, டி-வடிவத் தண்டுள்ள பிளேடுகளைக் கருவி இல்லாமல் கழற்றி மாட்டும் வசதியும், பிளேடின் முன்பின் ஊசலாட்டத்தை 0 முதல் 3 வரை மாற்றும் நெம்புகோலும் உள்ளதாகப் பாருங்கள். பிளைவுட்டில் சுத்தமான விளிம்பு வேண்டுமானால் அது 0-இல் இருக்க வேண்டும்.

சட்டங்களைக் குறுக்கே மட்டும், ஒரே நீளத்தில், நிறைய அறுப்பவர்களுக்கு, வட்ட பிளேடைக் கைப்பிடியால் மரத்தின் மேல் இறக்கி அறுக்கும் மைட்டர் சா சிறந்தது. படச்சட்டமும் தரையோரப் பட்டையும் செய்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதுவே. நெடுக்குவாட்டில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் உங்கள் வேலைக்கு அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

ரம்பத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை பிளேடுகளுக்கு வைத்துவிட்டே இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரத்தோடு பெட்டியில் வரும் பிளேடு பெரும்பாலும் 18 அல்லது 24 பல் உள்ளது. மரத்தை நார் வாட்டத்தில், அதாவது நெடுக்குவாட்டில், விரைவாகக் கிழிப்பதற்கானது. அதை வைத்து பிளைவுட்டை அறுத்தால் மேலடுக்கு கோழி கிளறியதுபோல் ஆகிவிடும். பிளைவுட்டுக்கும் குறுக்கு அறுவைக்கும் 185 மி.மீ. அளவில் 40 முதல் 60 பல், பல்லின் முனை இடமும் வலமுமாக மாறிமாறிச் சீவப்பட்டது வேண்டும். மைக்கா ஒட்டிய பலகைக்கும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கும் தட்டைப் பல்லும் மூலை சீவிய பல்லும் மாறிமாறி வரும் டிரிபிள் சிப் வகை நன்றாக உழைக்கும். பல் அதிகம் என்றால் எங்கும் நல்லது என்று எண்ணி 60 பல் பிளேடை வைத்துக் கனமான சட்டத்தை நெடுக்குவாட்டில் அறுக்கப் போனால், பற்களுக்கு இடையிலுள்ள சிறிய குழிகள் தூளால் அடைத்துக்கொண்டு, பிளேடு அறுக்காமல் உரசத் தொடங்கும். முதலில் சர்க்கரை கருகுவது போன்ற வாசனை, அடுத்து அறுத்த முகத்தில் காப்பி நிறக் கோடுகள். அந்த வாசனை வந்தவுடன் அழுத்தித் தள்ளாமல் நிறுத்திவிட வேண்டும்.

எல்லா பிளேடுகளிலும் அதன் உச்ச ஆர்.பி.எம். அச்சிடப்பட்டிருக்கும், அது உங்கள் இயந்திரத்தின் ஆர்.பி.எம்.-ஐவிட அதிகமாக இருக்க வேண்டும். நடுத்துளையின் விட்டமும் இயந்திரத்தின் அச்சுக்கு ஒத்திருக்க வேண்டும். மழுங்கிவிட்டது என்று தூக்கி எறியப்படும் பிளேடுகளில் பாதி உண்மையில் மழுங்கியவை அல்ல, பல்லின் ஓரத்தில் மரப்பிசின் கருகி ஒட்டியவை என்பது என் அனுபவம். கழற்றி, சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்திப் பூட்டிப் பாருங்கள்.

அடுத்து உங்கள் கட்டில் சட்டங்கள். பழைய மரம் நன்கு உலர்ந்தது, திருகாது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். தலை உடைந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்ட ஆணியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் இருப்பைக் காட்டுவது சுற்றிலும் படர்ந்த கருநீலக் கறைதான். வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டி, சட்டத்தின் நான்கு முகங்களிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிளேடின் பற்களில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு முனை எவ்வளவு கடினமோ அவ்வளவு நொறுங்கக் கூடியது. ஓர் ஆணியில் மோதினால் நான்கைந்து முனைகள் தெறித்துவிடும், தெறிப்பது முகத்தின் உயரத்தில்.

அந்தச் சட்டங்களைப் பிளந்து மெல்லிய பலகைகளாக்க வேண்டியிருந்தால் சர்க்குலர் சாவின் ஆழம் போதாது. இத்தகைய வேலைகள் தொடரும் என்று தெரிந்தால், டேபிள் சாவைவிட முன்னதாக பேண்ட் சாவைப் பற்றி யோசியுங்கள் என்பேன். என் துறையினரில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 14 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண பேண்ட் சாவே பொதுவாக 150 மி.மீ. உயரமுள்ள மரத்தைப் பிளக்கும். பிளேடு மெல்லியது என்பதால் மரம் வீணாவது குறைவு. அங்குலத்துக்கு 3 பல் உள்ள அகலமான பிளேடைப் போட்டால் பிளக்கவும், 6 மி.மீ. அகலமுள்ளதைப் போட்டால் இறுக்கமான வளைவுகள் எடுக்கவும் ஆகும். முக்கியமாக, அதன் பிளேடு மரத்தை மேசையை நோக்கிக் கீழே அழுத்துகிறதே தவிர, உங்களை நோக்கி எறிவதில்லை. இண்டக்‌ஷன் மோட்டாரில் ஓடுவதால் சத்தமும் குறைவு. அறுத்த முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். உங்களிடம் இழைப்புளி இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. முதல் அலமாரியை முடித்துவிட்டு இதை யோசித்தால் போதும். இந்த மேசைக்காக மட்டும் என்றால், மரம் அறுக்கும் பட்டறை ஒன்றில் சட்டங்களைக் கொடுத்துப் பிளந்து வாங்கிக்கொள்வது அறிவுடைமை. ஆணி பார்த்துக் கொடுத்தால் அவர்களும் மகிழ்வார்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. சர்க்குலர் சாவில் இருப்பது கார்பன் பிரஷ் உள்ள யூனிவர்சல் மோட்டார். வேலை செய்யும்போது 100 டெசிபலைத் தொடும், அதைத் தாண்டவும் செய்யும். உங்கள் காதுக்கு அடைப்பான் கட்டாயம். அண்டை வீட்டாருக்கு அது உதவாது. ஆனால் ஒரு அலமாரிக்கான மொத்த அறுவை நேரம், கோடு போடுவதையும் கிளாம்ப் போடுவதையும் கழித்துவிட்டால், இருபது நிமிடம்கூட வராது. கோடுகளையெல்லாம் முதல் நாளே போட்டு வைத்து, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரே பகற்பொழுதில் அறுத்து முடித்துவிடலாம். மீதி வேலை முழுவதும் கைக்கருவிகளின் சத்தம்தான்.

தூசியை இதைவிடக் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிட்டது; குறிப்பாக மூக்கு, அதையொட்டிய எலும்பறைகள் ஆகியவற்றில் வரும் புற்று. மூடிய சிறு அறையில் கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. என்95 தரத்திலான முகமூடி, தூசி வாயில் பூட்டிய வேக்குவம் கிளீனர், திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். அறுத்து முடித்தவுடன் முகமூடியைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுக்காதீர்கள்; நுரையீரலுக்குள் போகும் நுண்ணிய தூள் அந்த நேரத்தில்தான் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, நண்பர் தரும் பழைய டேபிள் சா. பிற்காலத்தில் பெரிய இடம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் அதை வாங்கிப் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அதைப் பார்க்கப் போகும்போது, பிளேடுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் சிறிய எஃகுத் தகடு, அதாவது ரைவிங் நைஃப், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுத்த இடைவெளி மூடிக்கொள்ளாமல் பிடித்திருப்பது அதன் வேலை. இடைவெளி மூடினால் மரம் பிளேடின் பின்பகுதிப் பற்களில் சிக்கும். அந்தப் பற்கள் மேல்நோக்கி ஏறி, முன்னோக்கி, நிற்பவரை நோக்கிச் சுற்றுகின்றன. 10 அங்குல பிளேடு 4,000 ஆர்.பி.எம்.-இல் சுற்றும்போது அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரம் ஏறக்குறைய அந்த வேகத்தில் புறப்பட்டு வரும்.

தொழிலுக்கு வந்த புதிதில், பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தத் தகட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பப் பூட்டாமலே ஒரு வாரம் வேலை செய்தேன். முழுதும் உலராத ஒரு பலகையை நெடுக்கே அறுத்துக்கொண்டிருந்தபோது, பாதி தூரம் போனதும் அறுத்த இரு பகுதிகளும் சாமணம் போல ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்த்தேன். பார்த்ததை மூளை புரிந்துகொள்வதற்குள் பலகை கையில் இல்லை. பின்சுவரில் பூசியிருந்த சாந்தை உடைத்துக்கொண்டு கீழே கிடந்தது. நான் பிளேடுக்கு நேராக நிற்காமல் அரை அடி இடப்புறம் நின்றிருந்தேன். அது பயிற்சியால் அல்ல. வலப்புறச் சுவரில் மாட்டியிருந்த விளக்கு கண்ணில் அடித்ததால்.

தோல் பட்டதும் பிளேடை நிறுத்திவிடும் டேபிள் சாக்களும் உண்டு. சாஸ்டாப் நிறுவனம் 2004 முதல் விற்கும் வகையில், உடலின் மின்கடத்துத் தன்மையை உணர்ந்து சில மில்லிவிநாடிகளில் அலுமினியக் கட்டை ஒன்று பிளேடில் பாய்ந்து நிறுத்துகிறது. விரலைக் காக்கும் அந்த அமைப்பு, பறந்து வரும் பலகையைத் தடுப்பதற்கானது அல்ல. அதற்கு அங்கும் அதே தகடுதான். ஆகவே நண்பரிடம், பிளேடு பூட்டும் அச்சில் ஆட்டம் இருக்கிறதா, வழிகாட்டிச் சட்டம் இறுக்கினால் பிளேடுக்கு இணையாக நிற்கிறதா என்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தத் தகட்டைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால், அதே மாடலுக்குரிய தகடு தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்து, பூட்டிப் பார்த்து, அது பிளேடின் நேர்க்கோட்டில் நின்றால் பேரம் பேசுங்கள். இல்லையென்றால், அவர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.